தரணியின் இடது முழங்கால்

தரணிதரன் கோயம்புத்தூர் மில் டீமில் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி வந்த அன்று, குன்னூர் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் அவனுடைய ஃபிளெக்ஸ் பேனரை அவிழ்த்துக் கீழே இறக்கினார்கள். கோபத்தில் கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். நல்ல கெட்டியான பேனர், மழைக்கு ஆகும் என்று ஆட்டோக்கார மாரிச்சாமி அதை எடுத்துப்போய் வீட்டு விறகின் மேல் போட்டுக் கட்டினான். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். பந்தோடு எம்பி நிற்கும் தரணியின் வாய்க்கு நேராக, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இல்லை. இன்னொரு கல்லும் வைக்கலாமே என்றுதான் தோன்றியது.

நான் குன்னூருக்கு வெளியே ஒரு தேயிலை பாக்டரியில், பச்சைத்தேயிலை எடை போடும் இடத்தில் கிளார்க். பெயர் அம்சவேணி. குடியிருப்பது அருவங்காட்டில், வாடகை வீடு. கணவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. மகன் சந்துரு ஓசூரில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பள்ளிக்கூட நாட்களில் அவன் குன்னூர் மைதானத்தில் கூடைப்பந்து ஆடுவான். அவனைக் கூட்டிவரப் போய்ப் போய் எனக்கு அந்த காலரிப் படிக்கட்டு பழகிவிட்டது. அவன் முதலில் ஆட்டத்தை விட்டான், பிறகு ஊரை விட்டான். நான் படிக்கட்டை விடவில்லை. சாயங்காலம் பாக்டரி விட்டதும் நேரே அங்கேதான். இந்த வயதில் ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து ஆம்பளைப் பிள்ளைகள் பந்து தட்டுவதைப் பார்க்கிறாளே என்று கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் பேசி அலுத்துப்போனார்கள்.

எங்கள் ஊர்க் கூடைப்பந்து டீமின் பெயர் யங்ஸ்டர்ஸ். பாதிப் பேருக்குத் தொப்பை, இருந்தாலும் யங்ஸ்டர்ஸ். தரணி ஒருத்தன்தான் அந்தப் பெயருக்கு நியாயம் செய்தவன். அவன் ஓடி வந்து எம்பினால் காலரியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவனுக்கு வாய்த்த உடம்பு அப்படி. ஒரு வருஷம் கணுக்கால், ஒரு வருஷம் விரல், ஒரு வருஷம் இடுப்பு. ஆடிய நாட்களை விடக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதிகம். திட்டிக்கொண்டே காத்திருப்போம். வேறு யாருக்காகக் காத்திருப்பது? கோயம்புத்தூர் மில் டீம் ஒவ்வொரு மே மாதமும் சீசன் டோர்னமென்ட்டுக்கு மலையேறி வரும். எங்கள் குளிரைப் பற்றி நாலு குறை சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போகும். அவர்களை ஒருமுறையாவது தோற்கடிக்கக்கூடியவன் இவன் ஒருத்தன்தான் என்று ஊரே நம்பியது.

அப்படி ஒரு மே மாதம், அவர்களோடு ஆடும்போதுதான் அவனுடைய இடது முழங்கால் போனது. மூடுபனி இறங்கி சிமென்ட் தரை நசநசத்துக் கிடந்தது. எம்பினவன் கோணலாக இறங்கினான். அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் என்றார்கள், அது சரியாக ஆறவில்லை, இன்னொன்று என்றார்கள். இனிமேல் நடந்தால் போதும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சந்துருவுக்கு வேலை கிடைத்தால் பொங்கல் வைப்பதாகச் சொல்லியிருந்த வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. அதை முதலில் முடித்தேன். ஒன்றை முடிக்காமல் அடுத்ததை அவளிடம் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. பிறகு கேட்டேன்: தரணி திரும்ப கிரவுண்டில் இறங்கி ஆடும்வரைக்கும் நான் டீயை வாயில் வைக்க மாட்டேன். வேண்டுதல் என்றால் வலிக்கிற மாதிரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். பட்டினி எனக்கு வலிக்காது, ஒண்டியாக இருக்கிறவளுக்குப் பாதி நாள் பட்டினிதான். டீ அப்படி இல்லை. காலையில் நான் கண்ணைத் திறப்பதே அதற்காகத்தான்.

டீயை விட்டால் தலைவலி வரும் என்று தெரியும். மனிதர்களும் போய்விடுவார்கள் என்று தெரியாது. இந்த மலையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வாங்க என்பதற்கு முன்னால் அடுப்பில் டீ ஏறிவிடும். வேண்டாம் என்றால், பால் குடிங்க என்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். "சர்க்கரைங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது? யாரோ பெற்ற பிள்ளையின் முழங்காலுக்காக என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பாக்டரியில் பத்து மணிக்கு எல்லோரும் டம்ளரோடு வாசலில் வெயில் காய உட்காருவார்கள். ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான். முதலில் நானும் போய் வெறுங்கையோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். மெல்ல மேஜையிலேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நாள் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்தவள் பக்கத்து வீட்டு ஜீவிதா மட்டும்தான். மொபைல் கடையில் வேலை செய்கிறவள், கேட்டால் விடாமல் கேட்பாள்.

ஆனால் அவன் கால் ஆற எடுத்துக்கொண்ட இரண்டு வருஷத்தில் எனக்குச் சாயங்காலம் இருந்தது. தரணி ஊன்றுகோலோடு வந்து காலரியில் உட்காருவான். நான் உட்காரும் படிக்கு நேர் கீழ்ப்படி. கால் நீட்ட அங்கேதான் இடம் இருந்தது. முதல் நாள், "உக்காருங்கம்மா" என்று கோலை எடுத்து ஓரமாக வைத்தான். அதன்பிறகு அவன் பாட்டுக்குக் கீழே ஆடுகிறவர்களை முனகிக்கொண்டே திட்டுவான், நான் ஆமாம் போடுவேன். "பாருங்கம்மா, கையில பந்து இருக்குது, ரிங்கைப் பாக்காம ஆகாசத்தைப் பாக்கறான்" என்பான். "ஆகாசத்துல இருந்து ஆராவது எறங்கி வந்து போட்டுக் குடுப்பாங்கன்னு பாக்கறானாட்ட இருக்குது" என்பேன். வாய்விட்டுச் சிரிப்பான். சந்துரு போனபிறகு என் பேச்சுக்கு ஒருத்தர் சிரித்தது அப்போதுதான்.

டீக்காரர் வருவார். தரணி இரண்டு கப் வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன்.

"டீ குடிக்க மாட்டீங்களாம்மா?"

"சர்க்கரைங்க தம்பி."

"அப்ப உங்கதையும் நானே குடிச்சிடறேன்" என்று இரண்டையும் குடித்தான். மறுநாளும் இரண்டு வாங்கினான், எனக்கு நீட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே இரண்டையும் குடித்தான். அதுவே எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. உன் காலுக்காகத்தானடா என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வேன். அந்தக் கால் சீக்கிரம் ஆற வேண்டும் என்று தினமும் வேண்டினேன். அது ஆறிவிட்டால் அவன் கீழே இறங்கிப் போய்விடுவான், என் முன்படி காலியாகிவிடும் என்பதும் தெரிந்துதான் வேண்டினேன். போனாலும் இருபதடி தூரத்தில்தானே ஆடப்போகிறான் என்று இருந்தேன்.

ஊன்றுகோல் போனது. பிறகு மெதுவாக நடந்தான், ஓரமாக நின்று பந்து தட்டினான். ஒரு சாயங்காலம், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஜீவிதாதான் போனைக் காட்டினாள். மில்லில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், கால் பார்க்கத் தனி ஆள். தரணி மாலையும் கழுத்துமாக அவர்களுடைய நீலப் பனியனில் நிற்கிறான். எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ஆற்றிக்கொண்ட கால், ஆறினதும் அவர்களுக்கு!

ஊர் அவனைத் திட்டிய திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. ஆட்டோ ஸ்டாண்டில் ஆரம்பித்து வர்க்கி பிஸ்கட் விற்கும் கடை வரைக்கும் அதே பேச்சு. நான் வெளியே திட்டவில்லை. வீட்டுக்குள் திட்டினேன், பாத்திரம் விளக்கும்போது, துணி மடிக்கும்போது. டீமை விட்டுப் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றானே, அதைத்தான் என்னால் ஒரு பக்கம் வைக்க முடியவில்லை.

மார்ச் மாதம் கோயம்புத்தூரில் அவன் முதல் ஆட்டம். ஜீவிதா போனில் போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் ஆடினான், பாவி. ஆட்டம் முடிந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுட டீயோடு வந்தாள்.

"குடிங்க்கா. அதான் எறங்கி ஆடிட்டானில்லீங்க. வேண்டுதல் நெறவேறிடுச்சு."

"அந்த பனியனைப் போட்டு ஆடறதெல்லாம் ஆட்டமா? நான் கேட்டது நம்ம டீமுக்கு."

"அப்படீன்னு அம்மங்கிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லோணும்? நான் எந்த ஊருக்காரின்னு அவளுக்குத் தெரியாதா?"

ஜீவிதா சிரிக்கவில்லை. "ஏனுங்க்கா, உங்க சந்துருவுந்தான் ஓசூர் போனாப்ல. அவரைத் திட்டறீங்களா?"

"அவன் பொழைக்கப் போனான்."

"இவன் மட்டும் எதுக்குப் போனானாம்?"

டீயை வாஷ்பேசினில் ஊற்றினேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளும் கொஞ்ச நாள் வரவில்லை. அம்மனிடமும் நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கோயிலைத் தாண்டும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்ப்பேன். நீ தரவில்லை, அதனால் நானும் முடிக்க மாட்டேன் என்பது என் கட்சி.

மே மாதம் வந்தது. மில் டீம் வருகிறது, தரணியும் வருகிறான் என்று தெரிந்ததும் காலரி நிரம்பி வழிந்தது. அவனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் முதல் ஆளாகப் போய் என் படியில் உட்கார்ந்திருந்தேன். ஜீவிதாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு என் மேல் கோபம் போயிருக்க வேண்டும், அல்லது பாவம் என்று நினைத்திருப்பாள்.

நீலப் பனியனில் வந்தான். இடது முழங்காலில் கறுப்பாக ஒரு தடித்த உறை. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் காலையும் ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே வந்தான். ஓடிப் பழகும்போது காலரியை நிமிர்ந்து பார்த்தான். கண் ஒவ்வொரு படியாக ஏறி என்னிடம் வந்து நின்றது. கையைத் தூக்கினான். வாய் அசைந்தது. நான் குனிந்து பைக்குள் எதையோ தேடினேன். நிமிர்ந்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது.

நம் ஊர்க்காரர்கள் ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தரணி கையில் பந்து வந்தால் போதும், காலரியில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று கத்த வேண்டும். கத்தினார்கள். முதல் தடவை மைதானமே சிரித்தது. ரெஃப்ரியே உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ நானும் என் முழங்காலைப் பிடித்தேன். கத்தவும் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? இவ்வளவு பேரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து எத்தனை காலம் ஆயிற்று.

இடைவேளையில் ஜீவிதா பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்தாள். "இதே கிரவுண்டுங்க்கா. அவனும் எறங்கி ஆடிட்டான். இப்பவாவது குடிங்க." நான் வாங்கிப் படியில் வைத்தேன். வைத்ததோடு சரி.

மூன்றாவது குவார்ட்டரில் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்ப்பக்கத்து மரங்கள் போயின, பிறகு ஸ்கோர் போர்டு போயிற்று. இரண்டு பேர் சாக்கை வைத்துத் தரையைத் துடைத்தார்கள். ஆட்டத்தை நிறுத்தலாமா என்று பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பந்து ரிங்கில் பட்டுத் தெறித்தது. தரணி எம்பினான், பிடித்தான், இறங்கினான். இடது கால் வழுக்கி ஒரு பக்கமாகப் போனது, உடம்பு இன்னொரு பக்கம் விழுந்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

"ஐயோ!" என்றது காலரி, ஒரே குரலில். கைதட்டல், விசில். நல்லா வேணும் என்றான் எனக்குப் பின்னால் ஒருத்தன்.

என் கை முழங்காலுக்குப் போகவில்லை. நெஞ்சுக்குப் போயிற்று. தாயே என்று வாய் திறந்துவிட்டது, அதற்குமேல் வரவில்லை. எந்த வாயால் கேட்பேன்? முதல் வேண்டுதலையே நீ தரவில்லை என்று இத்தனை நாள் சண்டைக்கு நிற்கிறவள் நான். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றை வைக்க முடியாது. அங்கே அவன் எழவில்லை. மில் டீமின் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பக்கத்தில் குனிந்தார்.

கப்பை எடுத்தேன். டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்து, சர்க்கரை அடியில் தங்கியிருந்தது. தந்தாய் தாயே, என்ன பனியனாக இருந்தால் என்ன, அவன் ஆடினான், நீ தந்தாய் என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் குடித்தேன். இரண்டு வருஷத்துக்கும் மேலாக நான் ஏங்கின டீ அது. நன்றாகவே இல்லை.

இனிக் கேட்கலாம். ஆனால் எதைக் கொடுத்துக் கேட்பது? டீ இல்லாமல் இருந்து பழகிவிட்டது, இனி அது வலிக்காது. கோபத்தைத் தருகிறேன் என்றால், அதை இப்போதுதான் டீயோடு சேர்த்து விழுங்கியாயிற்று. வீட்டை நினைத்துப் பார்த்தேன், வேலையை நினைத்துப் பார்த்தேன், அங்கெல்லாம் இழந்தால் வலிக்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. அவன் இன்னும் தரையில் கிடந்தான். காலரியில் சிரிப்பு அடங்கிவிட்டது. கைதட்டினவர்களே எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கீழே என் படி குளிர்ந்துபோய் இருந்தது.

இந்தப் படி இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதும் படியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் இதுதான் சரியான பொருள். அவனை எழுப்பிவிடு தாயே, இனிமேல் நான் இந்தப் படியில் ஏற மாட்டேன். அவன் ஆடுவதை இங்கேயும் பார்க்க மாட்டேன், போனிலும் பார்க்க மாட்டேன். எழுந்து அவன் காலால் அவன் நிற்கட்டும், அது போதும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரணி ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தான். காலை நீட்டி மடக்கினான், திரும்ப நீட்டினான். அந்த ஆளின் தோளைப் பிடித்து எழுந்து, தோளை விட்டுவிட்டு நின்றான். இரண்டு அடி நடந்தான். லேசாக ஓடிப் பார்த்தான். வழுக்கினதுதான், ஒன்றும் ஆகவில்லை என்று ரெஃப்ரியிடம் கையசைத்தான். காலரிக்கு உயிர் வந்துவிட்டது, மறுபடி ஊ என்று கத்த ஆரம்பித்தார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கீங்க்கா? இன்னும் ஒரு குவார்ட்டர் இருக்குதே" என்றாள் ஜீவிதா. பிறகு காலியான கப்பைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. "குடிச்சிட்டீங்களா!"

"குடிச்சிட்டேன்."

"அப்ப இருங்க, பாத்துட்டுச் சேந்தே போலாம்."

"இல்ல கண்ணு. நீ இருந்து பாரு. எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது."

ஒரு வேலையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலை மடக்கி வழி விட்டாள். மைதானத்துப் பக்கம் முகம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மூடுபனியில் எதிரே வருகிற ஆள்கூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பந்து தரையில் தட்டுப்படுகிறது. விசில். திரும்பப் பந்து. ஓடிவரும் கால்களின் சத்தம் கேட்டது, அது யார் என்று எனக்குத் தெரியும்.

பந்துச் சத்தம் நின்றது. எம்பிவிட்டான். காலரியிலிருந்து ஒரு பெரிய சத்தம் எழுந்தது. சந்தோஷமா, கேலியா, விழுந்துவிட்டானா, ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாலு எட்டு திரும்பி நடந்து கேட் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அருவங்காடு வழியாகப் போகும் ஊட்டி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. கையைக் காட்டினேன்.